தோளுக்கு வராத மரம்

அந்த மரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மரம் என்பதே மரியாதைக்குச் சொல்வது. அந்தமானில், மின்னி பே குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலில் ஏழு வருடம் நின்றும் அது என் இடுப்பைத் தாண்டவில்லை.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்த நாளில் அம்மாதான் அதை வாங்கினாள். செடிக்காரரிடம் நெடுநேரம் பேசினாள். அப்பா மூட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் கடலிலும் பால்டின்னில் அது அவள் மடியிலேயே வந்தது.

அப்பா அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்று அறிவித்தார். மர ஆலையில் தச்சர் அவர். அறுத்த பலகையை முகர்ந்தே என்ன மரம் என்று சொல்லிவிடுவார். இலையோடு நிற்கும் மரம் எதுவும் அவருக்குத் தெரியாது. அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

"இது என் தோளுக்கு வரட்டும், மூட்டையைக் கட்டிக் கப்பலேறிருவோம். பெறவு ஊர்தான்," என்றார். தூத்துக்குடிப் பக்கம் அப்பாவின் பெரிய வீடு இருந்தது. அதில் மூன்று அத்தைகள் இருந்தார்கள். மரம் ஒன்று வைத்து, அது தோளுக்கு வந்ததும் ஊரோடு வந்துவிடுவேன் என்று கிளம்பும்போதே அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. மற்ற வீடுகளில் டிசம்பரில் சவுக்குக் கிளையை வெட்டி வந்து நட்சத்திரம் கட்டுவார்கள். எங்களுக்கு அது கிடையாது. சொந்த மரம் இருக்கிறதாம். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் வாசல் தூணில் அதன் உயரத்தை அப்பா உளியால் கீறுவார். கீறல்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஊற்றுகிற தண்ணீர் போதவில்லை என்று எனக்குத்தான் திட்டு. கோடையில் குழாயடியில் வரிசையில் நின்று கொண்டுவந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், எல்லாம் அதற்கே போயிற்று. எனக்கோ ஊருக்குப் போய் ரயிலைப் பார்க்க வேண்டும்.

எட்டாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து சிப்பிகாட் பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். கிளம்பும்போது எங்கள் மரத்தில் ஒரு கொத்தைக் கிள்ளிப் பையில் வைத்துக்கொண்டேன். பண்ணைக்காரர் அதைக் கசக்கி முகர்ந்தார். விசிறி மாதிரி தட்டையாக நிற்கும் இலையையும், கொம்பு முளைத்த குட்டிக் காயையும் காட்டி இது மோர்பங்கி, மயில்தோகைச் செடி என்றார். உயரம் எவ்வளவு என்று கேட்டார். கையால் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"யே தோ பௌனா ஹை, பேட்டி. குட்டை ஜாதி. இதுக்கு மேல வளராது."

ராத்திரிச் சோற்றின்போது இதைப் பெருமையாக அவிழ்த்துவிட்டேன். அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, இனி எதற்காகக் காத்திருப்பது, மரத்தை நம்பி ஏழு வருடம் போனது போதும், நாளைக்கே டிக்கெட்டுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா கை கழுவ எழுந்து போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"குட்டைன்னு கேட்டுத்தாம்டி வாங்குனேன். ஒன்ன யாரு போய் விசாரிக்கச் சொன்னா?"

நான் கிள்ளிய கொத்துக்காகத்தான் கோபம் என்று நினைத்தேன். கிளம்புகிற அன்று காலையிலும் அவள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். வீணாக எதற்கு என்று கேட்டு, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊருக்கு வந்து இரண்டாம் நாள், காப்பிக்குச் சீனி எடுக்க அம்மா பெரிய அத்தையிடம் அலமாரிச் சாவி கேட்டு நின்றாள். அத்தை செபமாலையை முடித்துவிட்டுத்தான் கொடுத்தாள். மின்னி பேயில் சீனி டப்பா திறந்தே கிடக்கும், இங்கே எதற்குச் சாவி என்று நான் எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டேன். அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.