கன்னத்தில் தேய்ந்த இடம்

என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் யார் வீட்டிலாவது கிடக்கும் பழைய உருவப்படத்தைக் கேட்டு வாங்கிவந்து, அழுக்கெடுத்து, உதிர்ந்த இடத்தில் வண்ணம் தொட்டுச் சரிசெய்வேன். காசு வாங்கமாட்டேன், பாராட்டு வாங்காமல் விடமாட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் தன் கணவரின் படத்தைக் கொண்டுவந்தார். கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக இருந்தவர். தோணியோடு கடலில் போய்விட்டார். உடல் கரை சேரவில்லை, கல்லறையும் இல்லை. அந்த அம்மாளுக்கு மிஞ்சியது இந்த எண்ணெய் வண்ணப் படம் ஒன்றுதான்.

“மூலையில பூசணம் பிடிச்சிருக்கு அண்ணாச்சி. அத மட்டும் எடுத்துத் தாங்க. மொகத்துல கைய வச்சிராதிய.”

வலது கன்னத்தில், மீசைக்குப் பக்கத்தில், வண்ணம் தேய்ந்து துணி தெரிந்தது. உப்புக்காற்று தின்றிருக்கிறது என்று நினைத்தேன். பூசணத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்தாயிற்று. அப்புறம்தான் வினை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தத் திட்டு, ஆபீசில் ரிஜிஸ்டரைத் திறந்தால் அந்தத் திட்டு. என் கைத்திறனில் நம்பிக்கை இல்லாமல்தானே முகத்தைத் தொடாதே என்றார் என்று ரோசம் வேறு.

“சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி,” என்றாள் மனைவி. “அந்தம்மா சொன்னத மட்டும் செய்யுங்க.”

மறுநாள் விடிந்ததும் தூரிகையை எடுத்துவிட்டேன். நிறம் அப்படிப் பொருந்தியது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் அந்த அம்மாள் வந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கி, பழக்கத்தில் உதட்டைக் கன்னத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி செஞ்சிட்டிய? தெனமும் செபம் முடிச்சு முத்தி செய்யுத எடம்லா இது.”

மாதா கோயிலில் வேதக்காரர்கள் முத்தமிட்டு முத்தமிட்டே சுரூபத்தின் பாதம் தேய்ந்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது உப்புக்காற்று தின்ற இடமில்லை.

“இன்னும் காயலம்மா, இப்பவே தொடச்சிருதேன்,” என்று டர்ப்பன்டைன் துணியைத் தேடினேன்.

“வேண்டாம். இன்னொருக்க கை வைக்காதிய.” கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். “அந்த எடம் தேய இருவது வருசமாச்சு அண்ணாச்சி. இனி எனக்கு அம்புட்டு வருசம் ஏது?”