மீராசா மாமாவின் கண்ணாடி அடுப்பு

மீராசா என் உம்மாவின் மூத்த காக்கா, பெரிய அண்ணன். மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கிறார். அதை அவருடைய வீடு என்று யாராவது சொன்னால் சிரிப்பார்.

"அது உன்ட மாமிட ஊடு. நான் ஒரு சூட்கேசோட வந்து குந்தின ஆள்" என்பார்.

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மகளுக்குக் கல்யாணம் நடந்தால் வீடு அவளுக்குப் போய்விடும். தாயும் தகப்பனும் அதே வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். மாமி முனவ்வறாவுக்கு அவருடைய உம்மா கொடுத்த வீடு அது. அந்தச் சுவர்களுக்குள் மாமா வாழ்ந்த காலம் அவர் பிறந்த வீட்டில் வாழ்ந்த காலத்தைவிட நீளம்.

மாமா மீன்பிடிக்காரர். ஆழ்கடலுக்குப் போகும் படகில் வலை விடுவார், எஞ்சின் பார்ப்பார், எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவார். பிறகு சீனி வருத்தம் என்ற நீரிழிவு வந்தது. அது கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், இருட்டுத் தெரியும். முன்னால் ஒரு ஆள் நின்றால் நிழலாகத் தெரியும். முகம் தெரியாது.

கடலுக்குப் போவது நின்ற பிறகு மாமி நெசவு வேலைக்குப் போகத் தொடங்கினார். அன்றிலிருந்து காலைத் தேநீர் மாமாவின் பொறுப்பாகிவிட்டது. யாரும் அதை அவரிடம் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார். அவரோடு படகில் போன முகம்மது தம்பி ஒருநாள் குசினி வாசலில் நின்று கேலி செய்தார்.

"என்ன மச்சான், பொண்டாட்டிக்குத் தேயில ஊத்துறாய்? ஊரெல்லாம் சிரிக்குது."

"படகுல உனக்கு ஊத்தினவனும் நான்தானே. அப்ப ஏன்டா நீ சிரிக்கல்ல?" என்றார் மாமா.

முகம்மது தம்பி தனக்கும் ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தத் தேநீருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. விடியற்காலைத் தொழுகையான சுபஹைத் தொழுதுவிட்டு மாமா பள்ளிவாசலிலிருந்து வருவார். படலை திறக்கும் சத்தம் கேட்டதும் மாமி பாயில் இருந்து குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதத் தொடங்குவார். மாமா நேரே குசினிக்குப் போவார். அங்கே பழைய கேஸ் அடுப்பு. அதன் ஒரு பக்கம் பற்றவே பற்றாது. மற்றப் பக்கத்துத் திருகு உடைந்து போய், மிஞ்சிய இரும்புத் தண்டில் மாமா வலை நூலைச் சுற்றி வைத்திருந்தார். பிடித்துத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு இடம் வரும். தீ 'குப்' என்று பற்றுவது காதுக்குக் கேட்கும். உள்ளங்கையை ஓரமாகப் பிடித்தால் தீயின் அளவு தெரியும். தண்ணீரில் இஞ்சியைத் தட்டிப்போட்டு, தேயிலையும் பாலும் சேர்த்து நன்றாகக் கொதிக்க விடுவார். அந்த அடுப்பு துவாரம் அடைத்துப் போன மந்தமான அடுப்பு. மாமி யாஸீனை முடித்துக் குர்ஆனை மூடும்போதுதான் பால் பொங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும். மாமியின் கோப்பையில் சீனி போடுவார். தன்னுடையதில் போடமாட்டார்.

தேநீரைக் குடித்துவிட்டு மாமி வேலைக்குப் போவார். மத்தியானம் சோற்றுக்கான ஆணத்தை, குழம்பை, சூடாக்கிச் சாப்பிடுவதும் மாமாதான். கண் தெரியாத மனிதர் பகல் முழுவதும் தனியாக இருக்கிறாரே என்று யாரும் பரிதாபப்பட அவர் இடம் கொடுக்கவில்லை.

போன வருடம் அவர்களின் ஒரே மகள், எனக்கு ராத்தா என்ற அக்கா முறையான றுஸ்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை றிஸ்வான் கட்டாரில் ஏசி பூட்டும் வேலை செய்கிறார். முன் வீடு றுஸ்தாவுக்குப் போனது. பின்னால் ஓர் அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தையோடு சின்ன வீடு எழும்பியது. றுஸ்தா ராத்தா தகப்பனுக்கும் தாய்க்கும் அங்கே பழைய சாமான் எதையும் வைக்க விடவில்லை. புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. புதுச் சலவை இயந்திரம் வந்தது. கேஸ் அடுப்புக்குப் பதிலாக, தீயே இல்லாத இன்டக்ஷன் அடுப்பு வந்தது. கறுப்புக் கண்ணாடிப் பலகை போல அது மினுங்கிக்கொண்டிருந்தது.

உம்மா பார்த்துவிட்டுச் சொன்னார். "ஊரில வாப்பா மகளுக்குச் சீதனம் குடுப்பார். இஞ்ச மகள் வாப்பாக்குச் சீதனம் குடுக்கிறா. இனி காக்காவ மாப்பிள எண்டுதான் கூப்பிடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகமாகச் சிரித்தார்.

றுஸ்தா ராத்தா அந்த அடுப்பை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்திய மாதம் மாமாவின் சட்டைக் கை நெருப்பில் பட்டுக் கருகிவிட்டது. அவர் தட்டி அணைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல நின்றார். அவள் கண்டுவிட்டாள். கேஸ் வெடித்து வீடுகள் எரிந்த செய்திகள் வந்த காலமும் அவளுக்கு நினைவிருந்தது. "நான் முன் ஊட்ட படுத்துக்கிடக்கக்குள்ள வாப்பா பின்னால நெருப்போட நிக்கிறார் எண்டு நினைச்சா எனக்கு நித்திரை வராது" என்று என்னிடமே சொன்னாள். பழைய அடுப்பை, காரைதீவிலிருந்து முச்சக்கரவண்டியில் பழைய சாமான் எடுக்க வந்த அழகரெத்தினத்திடம் கொடுத்துவிட்டாள்.

புது வீட்டில் முதல் காலை. பள்ளியிலிருந்து வந்த மாமா வழக்கம் போலக் குசினிக்குப் போனார். மாமி ஓதத் தொடங்கினார். மாமா கண்ணாடியைத் தடவினார். திருகு இல்லை, மேடு இல்லை, பள்ளம் இல்லை. தேடுகிற விரல் பட்ட இடமெல்லாம் 'கீக்' என்றது. எது பற்றியது, எது அணைந்தது என்று தெரியவில்லை. தீ இல்லாததால் சத்தமும் இல்லை, கையில் படச் சூடும் இல்லை. மாமி ஓதி முடித்தபோது மாமா விறாந்தையில் வந்து இருந்தார்.

"இண்டைக்கு நீ ஊத்து புள்ள" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாளும் மாமிதான் ஊற்றினார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மத்தியானத்தில் ஆணம் சூடாகாமல் ஆறிய சோற்றோடு போனது. மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து மீண்டும் படுத்துக்கொள்ளத் தொடங்கினார். முன்பெல்லாம் மதிலுக்கு மேலால் எங்களோடு கதைப்பவர், கூப்பிட்டால் மட்டும் பதில் சொன்னார். "வயசு போகுதுதானே" என்றார் உம்மா. வயது ஒரு கிழமையில் அப்படிப் போகாது என்று எனக்குத் தோன்றியது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த கடைசி வருடம் எங்களுக்கு ஒரு விவாதம் வைத்தார்கள். நவீன வீட்டுச் சாதனங்கள் பழையவற்றைவிடச் சிறந்தவையா என்பதுதான் தலைப்பு. நான் 'சிறந்தவை' என்ற அணியில் பேசினேன். மின்சாரம் மிச்சம், நேரம் மிச்சம், ஆபத்துக் குறைவு என்று அடுக்கினேன். மற்ற அணி, பழையவை நெடுங்காலம் உழைக்கும், திருத்தலாம் என்றது. இரண்டு பக்கமும் சொன்னது இன்றும் சரிதான். ஆனால் அந்த மண்டபத்தில் ஒருவர்கூட விரலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு அடுப்பைக் கண்ணால் மட்டுமல்ல, கையாலும் காதாலும் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாமிக்கு அது தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தார்.

"மகள், உன்ட ஸ்கூட்டியில காரைதீவு மட்டும் கொண்டு போறியா? றுஸ்தாக்குச் சொல்லாத."

அழகரெத்தினத்தின் கடை பிரதான வீதியில், பழைய மின்விசிறிகளும் மிக்சிகளும் நிறைந்து கிடந்தது. மாமி அடுப்பின் அடையாளத்தைச் சொல்லும் முன்பே அவர் உள்ளே போய் எடுத்து வந்தார்.

"நூல் சுத்தின அடுப்புத்தானே? இத விற்க மனம் வரல்ல தங்கச்சி. திருகுக்குப் பதிலா இப்பிடி ஒரு வேல பாத்திருக்கிறார் எண்டா அந்த மனிசனுக்கு இது தேவையாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். துவாரத்தையும் துப்புரவாக்கிப்போட்டன்."

ஸ்கூட்டியின் முன்னால் அடுப்பை வைத்துக்கொண்டு வந்தோம். கண்ணாடியில் மாமியின் முகத்தைப் பார்த்தேன், பெருநாள் உடுப்பு வாங்கிய பிள்ளையின் முகம்.

மாமா அடுப்பைத் தடவிப் பார்த்தார். நூல் சுற்றிய தண்டில் அவருடைய விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"இது வேணாம் புள்ள."

"ஏன்? உங்களுக்காகத்தானே போய் எடுத்து வந்தன்."

"அவள் பயந்துதான் மாத்தினவள். திரும்ப இதப் பத்த வெச்சா, அவள் அங்கால நித்திரை இல்லாம கிடப்பாள். எனக்குத் தேயில ஊத்துறதுக்காக என்ட புள்ள பயந்துக்கிட்டு இரிக்கணுமா?"

"அப்ப நீங்க இப்பிடியே படுத்துக் கிடக்கிறதா?" என்று மாமி கேட்டார். "நெசவில இருந்து வரக்குள்ள நீங்க சாப்பிட்டீங்களா, இல்லையா எண்டு நினைச்சு நினைச்சு வாறன். காலையில தேயிலக் கோப்பைய நீட்டினா நீங்க முகத்தத் திருப்புறீங்க."

மாமாவின் கை மறுபடி அடுப்பின் தண்டில் சுற்றியிருந்த நூலைத் தேடிப் போனது. பிறகு, கூரையில் செருகி வைத்திருந்த வலை நூல் கட்டை எடுத்துத் தரச் சொன்னார்.

கடலில் இருட்டில் ஆழம் பார்க்க, கல் கட்டிய கயிற்றை இறக்குவார்களாம். கயிற்றில் இடையிடையே முடிச்சுகள் இருக்கும். கையில் ஓடும் முடிச்சை எண்ணினால் கடலின் அடி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். விளக்கு வேண்டியதில்லை. "நல்ல கண்ணோட இருந்த காலத்திலயும் அந்தக் கயித்த நான் கண்ணால பாக்கல்ல" என்றார் மாமா.

அதே மாதிரி வலை நூலில் முடிச்சுப் போட்டு, முதலில் கண்ணாடி அடுப்பின் பட்டன்களின் மேலேயே ஒட்டினோம். நான்தான் பசையைப் பிடித்தேன். சரிவரவில்லை. நூல் மேலே இருந்ததால் அழுத்தினாலும் வேலை செய்யவில்லை, அல்லது பக்கத்துப் பட்டன் 'கீக்' என்றது. மாமி ஒரு கூர்மையான கத்தியால் அவற்றைச் சுரண்டி எடுத்தார். பிறகு மாமாவே, பட்டன்களுக்குக் கீழே, கண்ணாடியின் ஓரமாக ஒரே கயிறாக ஒட்டச் சொன்னார். பற்றவைக்கும் பட்டனுக்கு நேரே ஒற்றை முடிச்சு. சூட்டைக் கூட்டும் இடத்துக்கு நேரே இரட்டை முடிச்சு. குறைக்கும் இடத்தில் நீள முடிச்சு. விரல் கயிற்றில் ஓடும்போது அடுப்பு சும்மா இருக்கும். முடிச்சைக் கண்டதும் நேரே மேலே ஒருமுறை தொட்டால் போதும்.

பசை காயும் வரை மாமா பக்கத்திலேயே இருந்தார். பிறகு தொட்டார். 'கீக்.' தொட்டார். 'கீக்.' கேத்தலுக்குள் தண்ணீர் முனகத் தொடங்கியது.

"பாரு புள்ள, இது நெருப்பில்லாட்டியும் சத்தம் போடுது" என்றார்.

மறுநாள் காலை, இடியப்பத் தட்டோடு பின்வீட்டுக்கு வந்த றுஸ்தா ராத்தா அடுப்பைக் கண்டாள்.

"உம்மா, என்ன இது? புது அடுப்புல குப்ப மாதிரி நூல ஒட்டி வெச்சிரிக்கீங்க. இத ஆர் செஞ்ச?"

மாமி பாயில் இருந்து ஓதிக்கொண்டிருந்ததால் பதில் வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் மாமாதான். அவர் அடுப்பருகே வந்து, கயிற்றில் விரலை ஓடவிட்டு, ஒற்றை முடிச்சில் நிறுத்தி, மேலே தொட்டார். பால் கொதித்தது. பொங்கும் சத்தம் கேட்டதும் நீள முடிச்சைத் தேடிக் குறைத்தார். கோப்பைகளில் ஊற்றினார்.

றுஸ்தா ராத்தா தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் குந்திக்கொண்டாள்.

"ஏன் வாப்பா எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீ வேற ஒண்டு வாங்கியிருப்பாய். மறுகா அதுக்கும் நான் ஒரு கயிறு திரிக்கணும்."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முகத்தைத் துடைத்துவிட்டு, "சலவை மெசினுக்கும் இப்பிடி ஒட்டுவமா வாப்பா?" என்றாள்.

அப்போதுதான் ஓதி முடித்திருந்த மாமி அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "ஓம் ஓம், நல்லா ஒட்டுங்க. உடுப்புத் தோய்க்கிறதையும் அவருக்கிட்டக் குடுத்திட்டு நான் படுத்துக்கிறன்."

பழைய கேஸ் அடுப்பு இப்போது விறாந்தை மூலையில் துணி போர்த்தி இருக்கிறது. மின்சாரம் போன நாளில் றுஸ்தா ராத்தாதான் வந்து அதைப் பற்றவைப்பாள், தகப்பனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு. எந்த அடுப்பு நல்லது என்று மாமாவிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துச் சொன்னார்.

"இது நல்ல அடுப்புத்தான் மகள். சட்ட எரியாது. ஆனா ஒரு குறை இரிக்கு. கெதியாக் கொதிக்குது."

அது உண்மை. மாமி யாஸீனின் நடுவில் இருக்கும்போதே தேநீர் தயாராகிவிடும். மாமி வேகமாக ஓதமாட்டார். முதல் சில நாட்கள் ஆறிய தேநீரைத்தான் குடித்தார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது அவர் பள்ளியிலிருந்து வந்ததும் குசினிக்குப் போவதில்லை. மாமி ஓதும் அறையின் வாசலில், நிலையில் சாய்ந்து இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பாதிக்கும் மேல் போன பிறகு, அவருக்கு மட்டும் தெரிந்த ஓர் இடம் வருகிறது. அப்போது எழும்பிக் குசினிக்குப் போகிறார். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் குசினியில் நிற்கும் எனக்கு, மாமியின் குரலுக்கு நடுவில் அந்தச் சின்னக் 'கீக்' கேட்கும். பிறகு குர்ஆன் மூடப்படும். அதற்குப் பிறகு, கோப்பையில் சீனி கலக்கும் கரண்டிச் சத்தம்.