மூன்றாவது பெட்டி, இரண்டாவது கதவு

மாதத்தின் முதல் சனிக்கிழமை என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் நிராசாவா ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார். "முன்னாடி மட்டும் நீளமா விட்டுடுங்க, மேனேஜர்." இருபத்திரண்டு வருஷமாக அதே வாக்கியம். காரணத்தை அவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முடிக்குக் கீழே நெற்றியில் ஒரு கோடு இருக்கிறது. பேஸ்பால் தொப்பியின் விளிம்பு உட்காரும் இடம் அது. கோட்டுக்கு மேலே உரித்த முள்ளங்கி மாதிரி வெள்ளை, கீழே வெயில் தின்ற கறுப்பு. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் கோப்புப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தாறு வயது மனிதருக்கு இப்படி ஒரு நெற்றியா என்று ஆபீசில் கேலி செய்கிறார்களாம். மீன் பிடிக்கப் போயிருந்தீரா என்று திங்கட்கிழமைதோறும் யாராவது கேட்பார்களாம். அதை மறைக்கத்தான் முன்முடி.

நான் ஹிஷிடா. தாமா ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஸ்டேஷனுக்கு எதிரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். 'மீன்கொத்திகள்' என்ற பேஸ்பால் அணிக்கும் நான்தான் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பேட்டுகளைச் சுமப்பதும் ஆட வருகிறவர்களைத் திட்டுவதும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை உண்டு என்பதால் காலை ஆறு மணி லீக்கில்தான் ஆடுகிறோம். எட்டரைக்கு முடித்துவிட்டு அரக்கப் பரக்க ஓடிவந்து ஒன்பதுக்குக் கதவைத் திறப்பேன்.

நிராசாவாவின் வாரத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7:14 ரயில். நடைமேடையில் மூன்றாவது பெட்டி, இரண்டாவது கதவு வந்து நிற்கும் கோட்டில் ஏழு மணிக்கே நிற்பார். உள்ளே ஏறியதும் நேற்றைய ஆட்டங்களின் கணக்குப் பட்டியல் மட்டும் தெரியும்படி செய்தித்தாளை சாண் அகலத்துக்கு மடித்து, மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு டோக்கியோ வரை ஐம்பது நிமிஷம் நின்றுகொண்டே போவார். சனிக்கிழமை ஆற்றங்கரையில் தனியாக இருநூறு முறை பேட்டைச் சுழற்றிவிட்டு, வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து கிளவுசுக்கு எண்ணெய் போடுவார். ஞாயிறு காலை ஆட்டம். அப்புறம் பொதுக் குளியலறை, சில்லென்று நூடுல்ஸ், மதியம் டிவியில் ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸுக்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார் என்பது அவர் மனைவி சிஹோ கொடுத்த தகவல்.

ஆட்டம் வருமா என்றால், வராது. வலது மூலையில் நிறுத்திவைத்திருக்கிறேன், அங்கேதான் பந்து அபூர்வமாக வரும். பேட் பிடிக்க ஒன்பதாவதாக, கடைசியில் அனுப்புவேன். இருந்தும் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் வராமல் இருந்ததில்லை. ஒருமுறை முகம் முழுக்கச் சவர நுரையோடு அவராகவே சொன்னார். "ஆபீஸ்ல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல மேனேஜர். 'கோப்புப் பிரிவு, இங்க வாங்க'ன்னுதான் கூப்பிடுவாங்க. நீங்கதான் பேர் சொல்லித் திட்டுறீங்க." நான் சவரக்கத்தியைத் தீட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த ஜூன் மாதம் எங்கள் தலையில் இடி விழுந்தது. எங்களிடம் இருந்ததே ஒன்பது பேர். அதில் தொகாஷியை அவன் கம்பெனி திடீரென்று வட கோடியில் இருக்கும் சப்போரோவுக்கு மாற்றிவிட்டது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஆட முடியாது. அம்பயர் பத்து நிமிஷம் பொறுப்பார், அதற்கு மேல் ஆட்டம் எதிரிக்கு. இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு முறை அப்படி விட்டுக்கொடுத்தாகிவிட்டது. ஒரு முறை ஒருவன் குழந்தைக்கு ஜுரம், இன்னொரு முறை இரண்டு தடியன்கள் முதல் நாள் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். மூன்றாவது முறையும் ஆள் இல்லையென்றால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். எங்கள் இடத்துக்கு ஆறு அணிகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கின்றன. அணியை விட்டால் நிராசாவாவை வேறு எவன் சேர்த்துக்கொள்வான்? அது அவருக்கும் தெரியும்.

நான் கேட்காத ஆள் இல்லை. கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டே கேட்டேன், அப்போதும் எவனும் சரியென்று சொல்லவில்லை. காலை ஆறு மணி என்றதுமே ஆளுக்கொரு முதுகுவலி வந்துவிட்டது. அந்த மாதத்து முதல் சனிக்கிழமை நிராசாவா முடிவெட்ட வந்தபோது தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். ரயிலில் ஒருவர் இருக்கிறாராம். அதே மூன்றாவது பெட்டி, அதே இரண்டாவது கதவு, இவருக்கு இடது பக்கம். திங்கட்கிழமைகளில் அவர் நெற்றியிலும் இதே கோடு புதிதாக இருக்குமாம், வெள்ளிக்கிழமைக்குள் கொஞ்சம் மங்குமாம்.

"எத்தனை வருஷமா பாக்கறீங்க?" என்றேன்.

"பதினோரு வருஷமா."

"பேர் என்ன?"

"பேசினதில்லையே, மேனேஜர்."

எனக்கு வந்த கோபத்தில் காதை வெட்டியிருப்பேன். ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். காலை ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. விலா எலும்பு இன்னொருவன் விலா எலும்பில் பதிகிற நெரிசலில், அந்த மௌனம் ஒன்றுதான் ஒருவருக்கொருவர் கொடுக்கிற மரியாதை. இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் எங்களுக்கு ஆட்டம் இல்லை, அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று உதட்டைப் பிதுக்குவார். திங்கள் முடியவில்லை. செவ்வாய் வாயைத் திறந்தாராம், இருமல்தான் வந்ததாம். புதன் அந்த மனிதர் வரவே இல்லை. வியாழக்கிழமை ஆற்றுப் பாலத்தின் மேலேயே ரயில் இருபது நிமிஷம் நின்றது. கீழே எங்கள் மைதானம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, இரண்டு பேரும் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அப்போதும் இவர் பேசவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சிஹோவிடம் போய்ப் புலம்பியிருக்கிறார். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்ட பேசவே ஒம்பது மாசம் எடுத்துக்கிட்ட ஆளு நீங்க. அவரு பாவம், இன்னும் எத்தனை வருஷம் நிக்கணுமோ" என்றாளாம் அவள்.

வெள்ளிக்கிழமை காலை நடைமேடையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பேசத்தானே முடியவில்லை, விசிட்டிங் கார்டு கொடுக்கலாமே? கார்டு கொடுப்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கார்டு பெட்டியைத் திறந்து மேலே இருந்த ஒரு கார்டை எடுத்து, அதன் பின்பக்கம் எழுதினார்: 'ஞாயிறு காலை ஆறு மணி, ஆற்றங்கரை மூன்றாவது மைதானம், ஓர் ஆள் குறைகிறது, தயவுசெய்து வாருங்கள்.' அந்த மனிதர் இறங்கும் ஸ்டேஷன் வரும்போது நீட்டினார். இரண்டு கையால் கொடுக்க வேண்டும், குனிய வேண்டும். நெரிசலில் ஒரு கைதான் வெளியே வந்தது, குனிந்தால் முன்னால் நிற்பவர் முதுகில் முட்டும். அந்த மனிதர் கார்டை வாங்கினார், படித்தார், கதவு திறந்தது, கூட்டம் அவரை வெளியே அள்ளிக்கொண்டு போயிற்று. வருவேன் என்றோ மாட்டேன் என்றோ ஒரு தலையசைப்புக்கூட இல்லை.

அதற்கே நான் அவரைப் பாராட்டி ஒரு பியர் வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை மதியம் வெளுத்த முகத்தோடு கடைக்கு ஓடி வந்தார். கார்டு பெட்டியைச் சரிபார்த்தாராம். அவருடைய கார்டுகள் பத்தும் பத்திரமாக இருந்தன. வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்திருந்த கம்பிக்கயிறு கம்பெனிக்காரர் ஹனெடா என்பவர் கொடுத்த கார்டைக் காணோம். மரியாதைக்காக அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்திருக்கிறார். முன்பக்கம் திருப்பிப் பார்க்காமல் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லாம் வெள்ளைக் கார்டு, யாருக்குத் தெரியும்! இப்போது அந்த ரயில் ஆசாமி ஹனெடாவுக்குப் போன் போட்டு விசாரித்தால், பேஸ்பாலா, எனக்கு ஒன்றும் தெரியாதே என்பார் அவர். யாரோ விளையாடிவிட்டான் என்று கார்டைக் கிழித்துப் போடுவார் இவர். போதாக்குறைக்கு, அடுத்தவர் கார்டில் கிறுக்கிய பாவம் வேறு. நான் திட்டிய திட்டில் நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர் பயந்துபோய் எழுந்துவிட்டார்.

ஞாயிறு. ஐந்தே முக்காலுக்கு எட்டுப் பேரும் வந்தாகிவிட்டது. ஆறு மணிக்கு எதிரணி ஒன்பது பேரும் கோட்டில் நின்றார்கள். அம்பயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நிராசாவா கரைமேட்டில் ஏறி நின்று சைக்கிள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய் நடத்துகிறவர்கள் போனார்கள், ஓடுகிறவர்கள் போனார்கள். ஆறு ஐந்து. ஆறு ஏழு. எங்கள் ஆட்களில் ஒருவன் பேட்டுகளைப் பையில் போட ஆரம்பித்தான். எடுத்து வெளியே வைடா என்று அவனிடம் கத்தினேன், ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லை. மேட்டின் மேல் நிராசாவா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆறு ஒன்பதுக்கு ஒரு சைக்கிள் மேட்டிலிருந்து இறங்கியது. நாங்கள் யாரும் பார்த்திராத அணியின் உடுப்பு, துவைத்துத் துவைத்து எழுத்தெல்லாம் போயிருந்தது. எந்தப் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவது மைதானம் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தேடிவிட்டு வருகிறாராம். இறங்கினார், தொப்பியைக் கழற்றினார். அங்கே கோடு. நேராக நிராசாவாவிடம் போய் இடுப்பு வரை குனிந்து, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துச் சொன்னார். "ஹனெடா-சான், லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும். என் பேரு குசுமி."

எங்கள் ஆள் ஒருவன் சிரிக்கப் போனான். நிராசாவா அவனிடம் கண்ணாலேயே கெஞ்சினார். பெயர்ப் பட்டியலில் காலியாக இருந்த இடத்தில் குசுமி என்று நான் எழுதிக் கொடுத்தேன், அம்பயர் கையைத் தூக்கினார். ஆட்டம் தொடங்கிவிட்டது.

தோற்றோம், அதைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றுக்கு மூன்று. ஆனால் குசுமி இரண்டாவது பேஸ் பக்கம் நின்று பிடித்த பந்துகளைப் பார்த்து எதிரணியே கை தட்டியது. முதல் இன்னிங்ஸிலிருந்தே நான் பழக்க தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தேன். நிராசாவா பின்னால போ, நிராசாவா குறுக்க வராதே, நிராசாவா தூங்குறியா. குசுமி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்தும் "நல்லா ஓடினீங்க, ஹனெடா-சான்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். செவிடோ என்றுகூட நான் சந்தேகப்பட்டேன்.

ஐந்தாவது இன்னிங்ஸில் நிராசாவா பேட் பிடிக்கப் போனபோது குசுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்கள் அணி எது என்று கேட்டேன். அணி இல்லை என்றார். மூன்று வருஷம் முன்பு கலைந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாலத்தூணில் தனியாகப் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறாராம்.

"ஏன் கலைஞ்சுது?"

"ஓர் ஆள் குறைஞ்சுது." பேட்டோடு நிற்கும் நிராசாவாவையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வாரம் பூரா இவரு பக்கத்துலதான் நின்னேன். நெத்தியில கோடு தெரியுது. கேட்டுடலாம் கேட்டுடலாம்னு அஞ்சு நாள் நின்னேன். வாய் வரல. நான் கேட்டிருந்தா எங்க டீம் இன்னிக்கி இருந்திருக்கும்."

அங்கே நிராசாவா மூன்றாவது பந்தையும் கோட்டைவிட்டு அவுட்டாகி, வழக்கம்போல அம்பயருக்குக் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

ஆட்டம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவரை இடித்தேன். சொல்கிறேன் சொல்கிறேன் என்றார். சொல்வதற்குள் குசுமி சைக்கிளில் ஏறி, ஹனெடா-சானுக்கு நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயே போய்விட்டார். அடுத்த ஞாயிறு வருவாரா என்று கேட்கவும் இல்லை. நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிராசாவா ஆபீஸ் உடுப்போடு கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடி வெட்டிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. என்ன விஷயம் என்றேன். திங்கட்கிழமை ரயிலில் நடந்ததைச் சொன்னார். 7:14, மூன்றாவது பெட்டி, இரண்டாவது கதவு. குசுமி இடது பக்கம். இன்று எப்படியாவது பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ரயில் பாலத்தின் மேல் போகும்போது, பெட்டியே நிசப்தமாக இருக்கையில், குசுமி வாயைத் திறந்தார்.

"நிராசாவா-சான், வர்ற ஞாயித்துக்கிழமையும் ஆறு மணிதானே?"

பெட்டியில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பினவாம். முதல் இன்னிங்ஸிலேயே அவருக்குப் பெயர் தெரிந்துவிட்டது. நான் கத்திய கத்தலுக்குத் தெரியாமல் இருக்குமா? எல்லார் எதிரிலும் இவருக்கு அவமானமாகிவிடக் கூடாது என்று ஆட்டத்தின் ஏழு இன்னிங்ஸும் ஹனெடா ஹனெடா என்றே சொல்லியிருக்கிறார். இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, துடைக்கக்கூட வழியில்லையாம்.

சரி, இப்போது முடிக்கு என்ன செய்ய வேண்டும் என்றேன்.

"முன்னாடி ஒட்ட வெட்டிடுங்க, மேனேஜர்."

வெட்டினேன். கோடு பளிச்சென்று வெளியே வந்தது. அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தோள் லேசாகக் குலுங்கியது. ஆடாமல் உட்காருமய்யா நிராசாவா என்று பேர் சொல்லித் திட்டினேன்.