நிற்காத மெஷின் சத்தம்

தையல்காரிக்குக் கதை படிக்கப் பென்சில் வேண்டும். ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியும் இடத்தில் நீலக்கோடு, கதை சொல்லும் குரல் மாறும் இடத்தில் சிவப்பு. ஏழாவதோடு நின்றவளுக்கு இது மகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். கல்லூரிப் பாடத்துக்காக மகள் இப்படிக் கோடு போட்டுக்கொண்டே, தைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு வாய்விட்டுப் படிப்பாள்.

படித்தது போதும், கல்யாணம் செய்துகொள் என்றார் அப்பா. முடியாது என்றாள் மகள். பையோடு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஆறு வருஷம் ஆயிற்று.

போன வருஷம் ஒரு வாரப்பத்திரிகையில் மகள் பெயர் போட்டு ஒரு கதை வந்தது. வேலை பார்க்கும் தையல் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணி மூட்டைமேல் உட்கார்ந்து தையல்காரி அதைப் படித்தாள். பட்டன் தைக்கிறவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பரீட்சையா? பாஸானா எங்களை மறந்துடாதே."

தையல்காரி சிரித்து வைத்தாள்.

கதையில் வந்த அம்மா அவளேதான். பட்டனுக்குக் காஜா எடுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள், நூலைப் பல்லால் அறுப்பாள். வெட்கத்தோடு நீலக்கோடு போட்டாள். அடுத்த பக்கத்தில் அப்பா கத்துகிறார், மகள் அம்மாவின் அறைப் பக்கம் பார்க்கிறாள். 'மெஷின் சத்தம் நிற்கவே இல்லை' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு கதையில் அம்மா என்ற சொல்லே இல்லை, 'அந்தப் பெண்'தான். இளகியிருந்த குரல் கல்லாகிவிட்டது. சிவப்பு முனை அங்கேயே நின்றது.

"என்னக்கா கதை?"

"ஒரு பொண்ணு வீட்டை விட்டுப் போறா."

"அம்மாகாரி என்ன பண்ணா?"

"தைச்சுக்கிட்டு இருந்தா."

மகளை வெளியே தள்ளிய அன்றைக்கு ஊசிக்குக் கீழே துணியே இல்லை. தன் விம்மல் வெளியே கேட்டால் கணவருக்கு இன்னும் ஆத்திரம் ஏறும் என்று வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அதை அந்த வரியின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள். மகளிடம் சேர்க்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் பத்திரிகை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "அம்மா, நீ எழுதினதைப் படிச்சேன். நம்புறேன். ஆனா அன்னைக்கு எனக்குக் கேட்டது அந்தச் சத்தம் மட்டும்தான்." கடிதத்தில் முகவரி இல்லை.

கதை இப்போது புத்தகத்திலும் வந்துவிட்டது. ஒரு வரியும் மாறவில்லை. மகள் வீட்டுக்கு வரவில்லை. எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் தையல்காரிக்குத் தெரியாது.