ஆம்பூரில் ஓட்டை போட்ட கார்டு

போன வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு ஈமெயில். படித்துவிட்டு ஆபீசிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஆம்பூர் சர்ச் ஹாலில் ஐந்து பழைய கம்ப்யூட்டர்கள். ஏதோ கம்பெனி கழித்துக்கட்டியவை. விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸைப் போட்டு, ஷூ ஃபேக்டரிப் பெண்களுக்குச் சாயந்திரம் கிளாஸ் எடுக்கிறேன். அதில் ஸ்டெல்லா என்று ஒருத்தி. தையல் மிஷினில் குனிந்து குனிந்தே முதுகு போய்விட்டது. நான் வேலை பார்க்கும் ஷூ ஃபேக்டரி ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலைக்கு டெஸ்ட் எழுதப் போகிறாள். இந்த ஹாலை விட்டால் அவளுக்கு வேறு கம்ப்யூட்டர் ஏது?

நான் சும்மா இருந்தேனா? லினக்ஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றினேன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் கார்டுகள் படுத்துவிட்டன. ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் மற்ற நாலும் ஓடுகின்றன. இணைப்பு போனதும் எல்லாம் வெறும் டப்பா. பழைய வெர்ஷனையே திரும்பப் போடலாமென்றால் அந்த சிடியில் கீறல். காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றது சர்ச் கமிட்டி.

அந்தக் கார்டை இயக்கும் 'டிரைவர்' என்கிற புரோகிராமைப் பராமரிப்பவர் யார் என்று தேடினேன். ஜெர்மனியில் ஒரு மனிதர். பிழைப்புக்கு வேறு வேலை. இது சம்பளமில்லாத ஆசை. ஸ்டெல்லா கதையையும் சேர்த்து எழுதினேன். தன்னிடமிருந்த கார்டு செத்துவிட்டது, கையில் கார்டு இல்லாமல் எதைச் சரிபார்ப்பது, அடுத்த வெர்ஷனில் டிரைவரையே எடுத்துவிடப் போகிறேன் என்று பதில் வந்தது.

எங்களிடம்தான் ஸ்பேர் ஒன்று இருந்ததே! வெளிநாட்டுப் பார்சல் என்றால் எங்கள் ஃபேக்டரி டெஸ்பாட்ச் நசீர் பாயை மிஞ்ச ஆளில்லை. கார்டைக் கவரில் போட்டு, கஸ்டம்ஸில் மாட்டாமலிருக்க 'சாம்பிள்' என்று எழுதி அவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் பாய் பெருமையாகச் சொன்னார். "பேஜார் இல்லாம போய்டும் சார். ஓட்டையும் போட்டுட்டேன்."

ஷூ சாம்பிளை யாரும் விற்றுவிடக் கூடாதென்று ஓட்டை போட்டுத்தான் அனுப்புவது எங்கள் வழக்கம். அதே மிஷினில் கார்டுக்கும்... பார்சலோ கிளம்பிவிட்டது. நான் ஏன் பதறுகிறேன் என்று பாய்க்குப் புரியவில்லை.

"ஓட்டை இல்லாம எந்த சாம்பிள் சார் இங்கருந்து போயிருக்கு?"

நியாயம்தானே? ஸ்டெல்லாவிடம் பார்சல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம்தான் அந்த ஈமெயில். ஓட்டை ஓரமாக விழுந்ததால் கார்டில் மின்சாரம் ஓடும் கோடுகளில் ஒன்றே ஒன்றுதான் அறுந்திருந்ததாம். அங்கே ஒயர் வைத்துச் சால்டர் அடித்து, லீவு நாளில் உட்கார்ந்து டிரைவரைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக! மகராசன், நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே வாழ்த்தினேன். எந்த ஜென்மத்துக் கடனோ இது?

ஸ்டெல்லா இப்போது தினமும் வந்து தட்டிக்கொண்டிருக்கிறாள். டெஸ்ட் முடிந்ததும் என்ன ஆயிற்றென்று தனக்கு எழுதச் சொல்லியிருக்கிறார் அந்த ஜெர்மனிக்காரர்.

டிரைவரோடு வந்த குறிப்பை நசீர் பாய்க்குப் படித்துக் காட்டினேன். சோதித்த கார்டு என்ற இடத்தில் மனிதர் எழுதியிருக்கிறார்: 'ஆம்பூரில் ஓட்டை போட்டது. நன்றாக வேலை செய்கிறது.'