இரண்டு முனையும் கழன்ற எலும்பு

பொதட்டூர்பேட்டை மாமியார் வீட்டிலிருந்து அரிசி மூட்டையோடு பைக்கில் வந்துகொண்டிருந்தேன். குறுக்கே நாய். நான் ரோட்டில் விழ, மூட்டை என் தோள்மேல் விழுந்தது. அரிசி ஒரு மணிகூடச் சிந்தவில்லை. கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்புதான் நெஞ்சுப் பக்கமும் தோள் பக்கமும் கழன்றுவிட்டது.

"ஒரு முனை கழண்டு பாத்திருக்கேன். ரெண்டும் கழல்றது அபூர்வம்" என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஆசை ஆசையாகப் பார்த்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது. ஆபரேஷன் வேண்டாமாம். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு, வலி குறைந்ததும் பயிற்சி செய்தால் போதுமாம். எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் புடைப்பு மட்டும் போகாதாம்.

"கை தலைக்கு மேல போகுமா சார்?"

"பெரும்பாலும் போகும்."

அந்தப் பெரும்பாலும்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேனுக்குச் சைகை காட்டுவது என் வேலை. அந்த இரைச்சலில் வாய் எதற்கும் உதவாது. கையைத் தலைக்கு மேலே உயர்த்தி விரலைச் சுற்றினால்தான் உச்சியில் இருக்கும் ஆபரேட்டர் பாரத்தைத் தூக்குவார். கை ஏறாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். பயமாக இருந்தது.

"ரெண்டு முனைலயும் வெல்டிங் வெச்சா முடிஞ்சிது நைனா" என்று கூட வேலை செய்யும் வெல்டர் போனில் ஆறுதல் சொன்னார்.

மணவாள நகர் வீட்டில் பயிற்சிக்கு என் மனைவிதான் கிரேன். அவள் மொட்டை மாடியில் கயிற்றோடு நிற்பாள். கீழே ஈரத்துணி வாளியோடு நான்.

"தூக்குடி!"

"வாயால சொன்னா செல்லாது. கை இன்னும் காது கிட்டயே வர்ல."

"வலிக்குது."

"அப்ப துணி அங்கியே காயட்டும்."

எதிர்வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், டெய்லி வானத்தப் பாத்து கையாட்டிக்கினு கீறீங்க, எதுனா வேண்டுதலா?"

சில மாதம் கழித்து ஆலைக்குப் போனேன். "காலித் தொட்டிய தூக்கச் சொல்லு, பாப்போம்" என்றார் சூப்பர்வைசர். கையை உயர்த்தினேன். தோளில் ஏதோ 'டக்' என்றது. கை காதைத் தாண்டி நேராக நின்றது. விரலைச் சுற்றினேன். தொட்டி தரையை விட்டுக் கிளம்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டி ஏறிக்கொண்டே போனது. ஆபரேட்டர் தானாகவே நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"போதும்யா, எறக்கு!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

கையை இறக்க எனக்கு மனமே வரவில்லை.