ஆவிக்குழாய்க்கு மூடி போட்டவன்

வெய்க்கோ லாம்பியை எனக்குப் பிடிக்காது. எழுதச் சொன்னவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்ச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதி வாங்கி மன்றச் சுவரில் மாட்டுகிறது. இந்த வருடம் அவன் முறை. "எதிர்த்த வீடுதானே, நீயே எழுதிடு ஹில்யா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

இளவயதில் காட்டில் மரம் வெட்டினான். பிறகு காகித ஆலையில் குழாய்களுக்கு வெல்டிங் செய்தான். ஆலையை மூடியதும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் ஒட்ட ஆரம்பித்தான். வேலையில் கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. வாய்தான் சகிக்காது. அவன் மனைவி ஐலா கிரீன் பே நகரத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லித் திரிந்தான். நான் செய்ததெல்லாம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டதுதான்.

எங்கள் பகை அதற்கும் முந்தியது. ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு நான் தலைவி. சம்பளமில்லாத வேலை, சங்கு ஊதினால் ஓட வேண்டும். ஒரு பனிக்காலத்தில் அவன் வீட்டுப் புகைபோக்கியில் பிடித்திருந்த கரிப்பிசின் தீப்பற்றிக் கூரைவரை வந்துவிட்டது. அணைத்தோம். அணைக்கும்போது கூடத்தில் தண்ணீர் நின்றது, அது அங்கேயே உறைந்தும் போனது. அன்று முதல் எந்தக் கூட்டத்திலும் அவனுக்கு அதே பாட்டுதான்.

"தீயை அணைக்கத்தான் கூப்பிட்டேன். வீட்டுக்குள்ள ஏரி வெட்டச் சொல்லலை" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள்.

வீட்டுக்குள் தீயே கூடாது என்று முடிவு செய்துதான் அவன் முற்றத்தில் விறகு பாய்லர் கட்டினான். எங்கள் பக்கத்தில் இப்போது பாதி வீடுகளில் இருப்பதுதான். முற்றத்தில் சின்னக் கொட்டகை மாதிரி ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே விறகு எரியும், அதைச் சுற்றிலும் தண்ணீர். சூடான தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீட்டுக்குள் ஓடிச் சூடு கொடுத்துவிட்டுத் திரும்பும். உச்சியில் ஓர் ஆவிக்குழாய், வாய் திறந்தபடி நிற்கும். அந்த வாய் திறந்திருக்கும்வரை அது பெரிய கெட்டில், அவ்வளவுதான். அதை அடைத்துவிட்டால் வெடிகுண்டு. இது பாய்லர் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும்.

தனக்குக் கட்டியதோடு நிற்கவில்லை, ஊருக்கும் கட்டி விற்றான். என் மகள் மார்லிஸ் வீட்டிலும் அவன் பாய்லர்தான். வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை டேல் கேட்கவில்லை. அவன் மரலாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வெளியில். காலையும் மாலையும் பாய்லர் கதவைத் திறந்து, முகத்தை உள்ளே நீட்டாத குறையாக விறகு போடுவது என் மகள்.

பிறகு மன்றத்துக்குப் பாய்லர் வாங்குகிற பேச்சு வந்தது. சோதனைச் சாலையில் எரித்துப் பார்த்துச் சான்று கொடுத்த பாய்லரைத்தான் வாங்க வேண்டும், அந்தச் சான்றுத் தகடு பதிக்காதது வேண்டாம் என்று நான் சொன்னேன். வெய்க்கோ எழுந்தான்.

"அந்தத் தகடு எரியுமா?" என்று கேட்டான். "எரிஞ்சா எவ்வளவு சூடு குடுக்கும்? தீயணைப்பு மகராசி கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்."

"உன் வாயில இருந்து வர்ற சூடே ஊருக்குப் போதும்யா, உக்காரு" என்றேன்.

வாய்ச்சண்டை, எந்தப் பாய்லர் வீட்டை அதிகம் சூடாக்கும் என்ற பந்தயத்தில் போய் நின்றது. பள்ளி ஆசிரியர் கார்ல் நீமியிடம் தகடு பதித்த பாய்லர் இருந்தது. அவர் வீடும் வெய்க்கோ வீடும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே குவியலிலிருந்து மேப்பிள் விறகை எடையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜனவரி மாதம், மூக்குக்குள் முடி உறைகிற குளிர். கார்ல் வீட்டில் ஸ்வெட்டரோடு சுகமாக உட்காரலாம். வெய்க்கோ வீட்டுக்குள் போனவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், பிறகு சட்டைப் பொத்தானையும். சவுனா ஆவிக்குளியல் அறையில் உட்கார்ந்த மாதிரி வேர்க்கிறது என்று ஒரே ஆரவாரம்.

எனக்கு எங்கோ உதைத்தது. முற்றத்துக்குப் போய்ப் பாய்லரைப் பார்த்தேன். ஆவிக்குழாயின் வாயில் ஓர் இரும்பு மூடியைத் திருகி இறுக்கியிருந்தான். ஆவி போக வழியில்லாவிட்டால் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டில்தான் உள்ளே எல்லாரும் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிவந்து கத்தினேன். எல்லாரும் வெளியே போங்கள், பாய்லர் வெடிக்கும் என்றேன்.

"ஆரம்பிச்சிட்டா. ஓஸ் பைப்பை எங்கயாவது ஒளிச்சு வைங்கப்பா" என்றான் வெய்க்கோ. காபிக் கோப்பையோடு அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை. அன்று அது வெடிக்கவும் இல்லை. மறுநாள் நான் கார்லை இழுத்துக்கொண்டு போனபோது மூடியும் இல்லை.

அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போனேன், அவர்கள் ஆவிக்குழாயிலும் ஒரு மூடி. பந்தயத்தன்று டேல் தனியாகக் கேட்டிருக்கிறான், வெய்க்கோவும் கண்ணடித்து ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பாய்லரின் பக்கத் தகடு அடுப்பில் உப்பும் ரொட்டி போல வெளியே வந்திருந்தது. உள்ளே தண்ணீர் முனகுகிற சத்தம் கேட்டது. நான் தீக்குக் காற்று போகிற சின்னக் கதவை அடைத்தேன். டேல் வந்து திறந்தான். மறுபடி அடைத்தேன், மறுபடி திறந்தான்.

"அத்தே, உங்களுக்கு வெய்க்கோவைக் கண்டா ஆகாது. அதுக்கு என் வீட்டை ஏன் குளிர விடுறீங்க?"

"தகடு உப்பியிருக்கு பாருடா! கண்ணு இல்ல உனக்கு?"

"இரும்புன்னா சூட்டுல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

மார்லிஸை என்னோடு வரச் சொன்னேன். கையில் விறகோடு நின்றவள், "அம்மா, ஊரே சிரிக்குது. போதும்மா, விட்டுடேன்" என்றாள். வெய்க்கோவை நான் எத்தனையோ வருடம் திட்டியிருக்கிறேன். அதில் பாதியாவது வெறும் வயிற்றெரிச்சல். அதனால் உண்மையைச் சொன்னபோது என் பேச்சுக்கு ஒரு மதிப்பும் இல்லை. டேல் யார் சொன்னால் கேட்பானோ, அந்த ஆளிடம்தான் நான் போய் நிற்க வேண்டும். என் வாழ்க்கையில் அதைவிடக் கசப்பாக எதையும் விழுங்கியதில்லை.

கொட்டகையில் வெல்டிங் முகமூடியை உயர்த்தி என்னைப் பார்த்தான்.

"வழி தவறி வந்துட்டியா?"

"டேல் உன் பேச்சைக் கேட்டு மூடியைப் போட்டிருக்கான். தகடு உப்பிடுச்சு. வந்து எடுத்துவிடு."

"நான் வச்ச வெல்டிங் விடாது."

"விட்டா என் மக மூஞ்சிதான்யா முன்னால இருக்கும்."

கையுறையை மெதுவாகக் கழற்றினான். "வர்றேன். ஆனா நீ ஒண்ணு செய்யணும். கோ-ஆப் கடைக்குப் போன் போடு. இந்நேரம் எல்லாப் பயலும் அங்கதான் காபி குடிச்சுட்டு இருப்பானுங்க. போனை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வைக்கச் சொல்லி, தகடு வச்ச பாய்லரைவிட வெய்க்கோ பாய்லர்தான் ஒசத்தின்னு சொல்லு. உன் வாயால சொல்லணும்."

"நீ மனுஷனே இல்லை."

"சரி. போயிட்டு வா."

போன் போட்டேன். கார்லின் பாய்லர்தான் உயர்ந்தது என்று எனக்குத் தெரியும். புகை குறைவு, விறகு குறைவு, பாதுகாப்பு என்றால் பேச்சே இல்லை. இருந்தும், வெய்க்கோ பாய்லர்தான் உசத்தி, தீயணைப்புத் தலைவி ஹில்யா மாக்கி சொல்றேன் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். உடம்பெல்லாம் எரிந்தது. இவன் மட்டும் சிரிக்கவில்லை, போனை வாங்கி வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டான்.

அங்கே போனதும் டேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "கட்டினவன் நான். நீ தள்ளி நில்லுடா" என்றான் வெய்க்கோ. அவ்வளவுதான், மாப்பிள்ளை பூனைபோல ஒதுங்கினான். நான் சொன்னபோது இந்த மரியாதை எங்கே போயிற்று என்று இருந்தது எனக்கு. மார்லிஸை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, காற்றை அடைத்து, தீ தானாகச் சாகும்வரை மூவரும் தூரத்தில் நின்றோம். சூட்டோடு மூடியைத் திறந்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். பாய்லர் நன்றாக ஆறிய பிறகுதான் வெய்க்கோ ஏறி மூடியைக் கழற்றினான். இறங்கி, உப்பிய தகட்டின் மேல் கை வைத்தான். ஓரத்தில் அவன் வெல்டிங் செய்த கோடு, விரல் நீளத்துக்கு மேல் பிரிந்து வாய் பிளக்க ஆரம்பித்திருந்தது. விரலை அதன்மேல் வைத்து மேலும் கீழுமாக இழுத்தான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று நான் காத்திருந்தேன். "கார்ல்கிட்ட மின்சார ஹீட்டர் இருக்கும், வாங்கிட்டு வா" என்று டேலிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனான்.

கதை அதோடு முடிந்திருந்தால் பகை தணிந்திருக்கும். கோடையில் அவனுக்குப் புதிது புதிதாக ஆள் வந்தார்கள். நான் போனில் சொன்ன வார்த்தைதான் காரணம். பாதிரியாரே ஒன்று வாங்கினார். அதன் நெற்றியில் ஒரு தகரத் தகடு ஆணியடித்திருக்கிறது, அதில் என் பெயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பாதிரியார் வீட்டு முற்றத்துக்குப் போனேன்.

சொன்னது உண்மைதான். "தீயணைப்புத் தலைவி ஹில்யா மாக்கி பார்த்து ஒப்புக்கொண்டது" என்று உளியால் வெட்டியிருந்தான். மாக்கியில் ஓர் எழுத்து தப்பு. தகட்டுக்கு அடியில் உளியைச் செருகியபோது எதற்கும் பார்ப்போம் என்று அண்ணாந்து ஆவிக்குழாயைப் பார்த்தேன். வாயை நாலாகப் பிளந்து பூப்போல மடக்கி விட்டிருந்தான். கீழே அடிவரைக்கும் சுற்றிச் சுற்றித் துளை போட்டிருந்தான். எந்த மூடியும் அதில் ஏறாது, ஏறினாலும் நிற்காது, நின்றாலும் ஆவி எல்லாப் பக்கமும் போகும். எந்த மடையன் நினைத்தாலும் அதை வெடிகுண்டாக்க முடியாது. மற்ற வீடுகளுக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாக் குழாயும் அப்படித்தான், பழையதும் உட்பட. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒவ்வொரு வீடாகப் போய் அறுத்துத் துளை போட்டிருக்கிறான்.

கடைசியாகப் பாதிரியார் வீட்டுக்கே திரும்பி வந்தேன். சான்று இல்லாத பாய்லர்தான், புகையும் கண்ணைக் கரிக்கத்தான் செய்யும். ஆனால் தகட்டில் எழுதியிருந்தது அன்று காலைவரை பொய். இப்போது நான் நிஜமாகவே பார்த்துவிட்டேன், ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அந்த ஆளை இன்னும் எனக்குப் பிடிக்காது. தகட்டைப் பெயர்க்காமல், தப்பாக வெட்டிய அந்த ஓர் எழுத்தை மட்டும் உளியால் திருத்திவிட்டு வந்தேன்.